பின்பக்கத்து ரூம்

சேரப்பணஞ்சேரியில் மூர்த்தியின் லைன் வீட்டில் கடைசிப் போர்ஷனில் மாரிசெல்வம் வாடகைக்கு இருந்தான். கல்யாணமான கையோடு முத்துச்செல்வியைக் கூட்டிவந்து குடிவைத்தது அங்கேதான். கவியா பிறந்து தவழ்ந்து நடந்து, இப்போது எல்.கே.ஜி. போகிற வயசுக்கு வந்ததும் அங்கேதான். மூர்த்தி கெட்ட மனுசன் இல்லை. கரண்ட் போனால் தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுப்பான். ஆனால் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வடக்கேயிருந்து பையன்கள் வந்து இறங்க இறங்க, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ரூமுக்கு நாலு பேர் ஆறு பேர் என்று தலைக்கணக்கில் வாடகை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். மூர்த்தியும் எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். சித்திரை பிறந்ததும் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கோ தம்பி என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாரிசெல்வத்துக்கு ஒரகடம் கார் கம்பெனியில் வேலை. அசெம்ப்ளி லைனில் காருக்குக் கதவு மாட்டுகிறவன். பர்மனென்ட் ஆகி இரண்டு வருசம் ஆகியிருந்தது. பர்மனென்ட் ஆளுக்கு பேங்க்காரன் லோன் கொடுப்பான் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிச் சொல்லி, அவன் மனசில் ஒரு ஆசை முளைவிட்டிருந்தது. மூர்த்தி வந்து போன அன்றைக்கு அது வெளியே வந்துவிட்டது. "இனி ஒருத்தன் கிளம்புன்னு சொல்லி நாம கிளம்பக் கூடாது, செல்வி" என்றான்.

அப்புறம் ஒவ்வொரு வார லீவுக்கும் வீடு பார்ப்பதே வேலை. படப்பையில் ஒன்று பார்த்தார்கள். கதவைத் திறந்தாலே எதிர்வீட்டுச் சமையல்கட்டு. வல்லக்கோட்டைப் பக்கம் மனை ஒன்று. மழை பெய்தால் ஏரி எது மனை எது என்று தெரியாது. புதுசாகக் கட்டுகிற ஃபிளாட் எல்லாம் ராசாக்கள் வாங்குகிற விலை. அந்த நேரத்தில்தான் கோபிநாத் என்ற புரோக்கர் போன் பண்ணினான். மறைமலை நகரில், ஊர் உண்டான காலத்தில் கட்டின அடுக்கு வீடு, முதல் மாடி, உள்ளே முழுசும் இடித்துப் புதுசாகச் செய்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்றான்.

மறைமலை நகர் என்றதும் முத்துச்செல்வி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மறைமலை நகர் பெரிய ஊர். ஒரே அச்சில் வார்த்தமாதிரி அடுக்கு வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அதில் ஏதோ ஒன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கட்டடத்துக்கு வெளிப்பூச்சு புதுசு. ஆரஞ்சும் வெள்ளையுமாக அடித்து, முன்னால் இரும்பு கேட் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு லேசாயிற்று. இது இல்லை, அது கருப்பேறிப் பாசி பிடித்த கட்டடம். கோபிநாத் முன்னால் ஏற, பின்னால் மாரிசெல்வம், அவனுக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள். படி திரும்புகிற இடத்தில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம். மாரிசெல்வத்துக்கு அது தெரியவில்லை, கால் தட்டித் தடுமாறி சுவரைப் பிடித்துக்கொண்டான். முத்துச்செல்வி கீழே பார்க்கவேயில்லை. அவள் கால் தானாக உயர்ந்து அந்தப் படியை ஏறியது.

ஏறி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் மாறிக் கிடந்தது. முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்திருந்தார்கள். சிவப்புத் தரை போய் முகம் பார்க்கிற மாதிரி வெள்ளை டைல்ஸ். மேலே அட்டை அட்டையாகச் சீலிங் போட்டு, அதற்குள் குட்டிக் குட்டி விளக்குகள். சமையல்கட்டில் இழுத்தால் வருகிற அலமாரிகள். பாத்ரூமில் கூரைவரைக்கும் நீலக் கல். கோபிநாத் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினான். சுவரை முஷ்டியால் தட்டி, "சத்தத்த கேளு சார். இப்ப எவன் கட்றான் இந்த மாரி? பழைய வூடு, பழைய சுவரு. உள்ள மட்டுந்தான் புச்சு. ஓனர் அண்ணாதுரைன்னு, வாத்தியார் ரிட்டயர்டு. தனக்குன்னு பாத்துப் பாத்துப் பண்ணிக்கீறாரு. புள்ள வெளிநாட்டுக்குக் கூப்டுகினான், அதான் குடுக்கறாரு" என்றான்.

மாரிசெல்வம் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விரல் நுனியை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினான். லைனில் தினமும் செய்கிற காரியம், கை சும்மா இருக்காது. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறான் என்று சொன்னான். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான். சப்பென்று இல்லை, உப்பும் இல்லை.

கடைசியில் பின்பக்கத்து ரூமுக்குப் போனார்கள். அதில் எதையும் மாற்ற முடியவில்லை போல. அதே அளவு, மேற்கே பார்த்த அதே ஒற்றை ஜன்னல். வெளியே பம்ப் ரூம், அதற்கு மேலே சாய்ந்த புங்கமரம். மரம் பெருத்திருந்தது. அந்த வெயிலிலும் ரூம் குளுகுளுவென்று இருந்தது. மாரிசெல்வம் நடுவில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டி மூச்சை இழுத்து விட்டான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவனுக்குத்தான் இருட்டு ரூமின் அருமை தெரியும். இதை எனக்கு விட்டுரு என்று அவளிடம் சொன்னான். இங்கே வந்து நின்றதும் மனசுக்குள் என்னமோ அடங்கின மாதிரி இருக்கிறது என்றும் சொன்னான்.

தூரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. கவியா செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸின் சில்லிப்புக்கு ஆசைப்பட்டு ஜன்னலுக்குக் கீழே மூலையில் போய்ப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். முத்துச்செல்வி பாய்ந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் பிள்ளை வீறிட்டு அழுதது. தூசி என்றாள் முத்துச்செல்வி. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அந்த மூலையில்தான் மாடத்தி செத்துப்போனாள். மாடத்தி மாரிசெல்வத்தின் கூடப்பிறந்த தங்கச்சி.

ஆறு வருசத்துக்கு முன்னால் அந்த வீடு ஹாஸ்டல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அதை வாடகைக்கு எடுத்து, தெற்கேயிருந்து கூட்டிவந்த பெண்பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தான். ஒரு ஷிஃப்ட்காரி எழுந்த பாயில் அடுத்த ஷிஃப்ட்காரி படுப்பாள். பாய் சூடு ஆறியிருக்காது. முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கம். மாடத்திக்கு விளாத்திகுளம் பக்கம். ஒரே லைன், ஒரே பஸ், பின்பக்கத்து ரூமில் பக்கத்துப் பக்கத்துப் பாய். மாடத்திக்கு அந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. இதென்ன வீடா, கோழி அடைக்கிற பஞ்சாரமா என்பாள். ஜன்னலுக்குக் கீழே இடம் பிடித்ததே காற்றுக்காக இல்லை, சாயங்காலம் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் சத்தம் கேட்பதற்காக. சத்தம் கேட்டதும் எந்தப் பேச்சாக இருந்தாலும் நிறுத்திவிட்டு, அந்தா நம்ம வண்டி போவுது என்பாள். வண்டி போய் முடிகிறவரை பேசமாட்டாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஏஜென்ட்டின் ஆள் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். விட்டுவிட்டு அடித்தது, விடுகிற நேரம் சரியாகிவிட்டது என்று தோன்றும். முத்துச்செல்விக்கு அன்றைக்குக் காலை ஷிஃப்ட். போகவா என்று தயங்கி நின்றவளை, நீ போட்டி, பஸ்ஸு போயிரும் என்று அவளேதான் அனுப்பி வைத்தாள். மத்தியானம் திரும்பி வந்தபோது எல்லோரும் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போய் வீடு காலியாக இருந்தது. மாடத்தி பாயில் இல்லை. மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த மாம்பழக் கலர் சுடிதார் போட்டு, தலையைப் படிய வாரி, ஊருக்குக் கொண்டுபோகிற பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தாள். எங்கட்டி கிளம்பிட்ட என்று கேட்டுக்கொண்டே போய்த்தான் முத்துச்செல்வி அவள் தோளைத் தொட்டாள்.

மாரிசெல்வம் ஊரிலிருந்து வந்து இறங்கியது நேரே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு. ஹாஸ்டலை அவன் பார்க்கவேயில்லை. பையைக்கூட ஏஜென்ட்டின் ஆள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டான். உடம்பை ஊருக்குக் கொண்டுபோன வண்டியில் கூட வருகிறேன் என்று ஏறினவள் முத்துச்செல்வி ஒருத்திதான். வழி நெடுக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, திண்டிவனம் தாண்டினபிறகு ஒரே ஒரு தடவை, ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று கேட்டான். தூக்கத்திலேயே போயிட்டா என்று இவள் சொன்னாள். மறுவருசம் அவன் அம்மா ஆள் விட்டுப் பெண் கேட்டாள். கடைசிவரைக்கும் எம்பிள்ளகூட வந்தவ, அவளே வரட்டும் என்றாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மாடத்தியைப் பற்றிப் பேசினதில்லை. பேசாமல் இருப்பதில்தான் அந்தக் குடும்பமே நின்றது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த ஃபிளாட்டுப் பேச்சுதான். மாரிசெல்வம் கம்பெனியில் வீடு வாங்கினவர்களிடமெல்லாம் கேட்டுவந்து சொன்னான். கட்டடம் பழசு, அதனால் பேங்க் எஞ்சினியர் வந்து பார்த்துத்தான் லோனை முடிவு பண்ணுவான். ஆனால் பழைய கட்டடத்தில் மனைப் பங்கு கூட வரும், நாளைக்கு இடித்துக் கட்டினாலும் நமக்கு நஷ்டமில்லை. மொட்டைமாடி ஒழுகினால் மேல்வீட்டுக்காரன் பாடு. ரயில்வே ஸ்டேஷன் நடக்கிற தூரம். கவியாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே நிற்கும். குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், மோட்டார் போட்டால் பின்பக்கத்து ரூமில் சத்தம் கேட்கும். அதற்கு அவனே பதிலும் சொன்னான். லைன் சத்தத்தில் நிற்கிறவனுக்கு அதெல்லாம் தாலாட்டு.

அவள் உம் கொட்டினாள். வயர் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு ஜெனரல் ஷிஃப்ட். பலகையில் வயர்களை வரிசையாகப் படுக்கவைத்து டேப் சுற்றுகிற வேலை. அந்த வாரம் இரண்டு தடவை சூப்பர்வைசர் வந்து, சிவப்பு போக வேண்டிய இடத்தில் மஞ்சள் போயிருக்கிறது என்று அவிழ்க்கச் சொன்னாள். மாம்பழ மஞ்சள். வீட்டில் உலை வைத்தால் அரிசி ஒரு ஆளுக்குக் கூடுதலாக விழுந்தது. கூடுதலாகப் போட்டோம் என்பது வடிக்கும்போதுதான் தெரிந்தது. நேற்றும் அப்படி, இன்றைக்கும் அப்படி. ராத்திரித் தூக்கத்தில் கவியா சுவர்ப்பக்கம் உருண்டு, பக்கத்தில் இடம் விட்டுப் படுத்திருப்பதைப் பார்த்தால்கூட பிள்ளையை இழுத்துத் தன்னோடு போட்டுக்கொள்வாள்.

பயம் என்று சொல்லிவிட முடியாது. மாடத்தி அவளை என்ன செய்துவிடப் போகிறாள். ஒரே பாயில் படுத்தவள். ஆனால் அந்த ரூமில் நின்றபோது அவளுக்குத் தோன்றியது, இந்த ஆறு வருசமும் தான் மாறி, புருசன் பிள்ளை என்று ஆகி, கட்டடமும் தோல் உரித்துப் புதுசு போட்டு, ஜன்னலுக்கு வெளியே மரமும் பெருத்து, எல்லாம் நகர்ந்திருக்கிறது. அந்த மூலையில் ஒருத்தி மட்டும் கிளம்பின கோலத்தில் அப்படியே இருக்கிறாள் என்று.

வெள்ளிக்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு மறைமலை நகருக்குத் தனியாகப் போனாள். சாவி இல்லை, மேலே ஏறவும் மனசில்லை. கீழ்வீட்டு வாசலில் ஒரு அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். லூர்தம்மாள். அந்தக் கட்டடத்தில் வீடு ஒதுக்கின காலத்திலிருந்து இருக்கிறவர். ஹாஸ்டல் பிள்ளைகள் அவரிடம்தான் இட்லி மாவு வாங்குவார்கள். முத்துச்செல்வியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ அந்தப் பொண்ணோட வண்டில ஏறிப் போனவதானே என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது யார் என்று விசாரித்தார். என் வீட்டுக்காரர் என்றாள் முத்துச்செல்வி. மாடத்திக்கு அண்ணன் என்றும் சொன்னாள். லூர்தம்மாளின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"வூடு வாங்க வர்றவங்க யாருக்கும் நான் எதுவும் சொல்றதில்லமா. அந்த வாத்தியார் பாவம், எவ்ளோ செலவு பண்ணிக்கீறாரு. நீ கேக்கறதால சொல்றேன். அன்னிக்கி காலைல அந்தப் பொண்ணு கீழ எறங்கி வந்துச்சு. செவுத்தப் புடிச்சிகினு, பைய தூக்கிகினு வந்து, தோ, இந்தப் படில உக்காந்துகிச்சு. ஒடம்பு அனலா கொதிக்குது. எங்கமா போறன்னேன். எங்கண்ணன் வருது, ஊருக்குக் கூட்டினு போவும்னு சொல்லிச்சு."

"அவுக வர்றதா இல்லையே. அன்னைக்கி யாரும் போன்கூடப் பண்ணலையே."

"எனக்கு இன்னா தெரியும்? மழ சாரல் அடிக்குது. இங்க உக்காந்தா இன்னும் ஜாஸ்தியாவும், மேல போய் இரு, உங்கண்ணன் வந்தா நான் அனுப்பறேன்னு சொன்னேன். ஒரு வாய் கஞ்சி குடுத்தேன். குடிச்சுட்டு மேல போச்சு." லூர்தம்மாள் கீரைக் காம்பை ஒதுக்கினார். "அப்புறம் அந்த வூட்ல எவனும் நெலச்சு இருக்கல. ரெண்டு மூணு வருசம் பூட்டியே கெடந்துச்சு. ஆம்பளைங்க யாராவது படியேறினா போதும், பூட்டின வூட்டுக்குள்ள தாப்பா தொறக்கற சத்தம் கேக்கும். என் காதால கேட்டுக்கீறேன். வயசாயிடுச்சு, காது இன்னான்னவோ கேக்கும்னு வெச்சுக்கோயேன்."

முத்துச்செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழம அவுக ஏறும்போது?"

"கேக்கல" என்றார் லூர்தம்மாள். "அன்னிக்கி கதவு தொறந்துதானே இருந்துச்சு."

மறுநாள் சனிக்கிழமை. திங்களன்று அட்வான்ஸ் கொடுப்பதாகக் கோபிநாத்திடம் மாரிசெல்வம் சொல்லியிருந்தான். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, அவனுக்கு உயிர். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். மறுசோறு வாங்கி, குழம்புச் சட்டியை வழித்து, தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டபிறகு, அந்த வீட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தாள்.

ஹாஸ்டல் அதுதான் என்று மட்டும் முதலில் சொன்னாள். எந்த ஹாஸ்டல் என்று அவன் கேட்கவில்லை. எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் குழம்பு காய்ந்து இறுகியது.

"எந்த ரூமு?"

"நீங்க படுக்கணும்னு சொன்ன ரூமு."

எழுந்து போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். வந்து வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, எதிர்ப் போர்ஷனில் மூர்த்தியின் ஆட்கள் பலகை வைத்து ரூமை இரண்டாகத் தடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோபப்படுவான், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று அவள் நினைத்தாள். அவன் திரும்பினபோது முகத்தில் கோபம் இல்லை. ஒருவிதமான வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாயிற்று.

"அப்ப எடுத்துருவோம், செல்வி" என்றான். "எத்தன எடம் பாத்தோம்? ஒண்ணாவது அமஞ்சிச்சா? இது மட்டும் ஏன் தானா வந்து கையில விழணும்? அவதான் கூப்பிட்டிருக்கா. அந்த ரூம்ல நின்னப்ப எனக்கு மனசு அடங்கிச்சுன்னு சொன்னேன்லா. தங்கச்சி இருக்க எடத்துல அண்ணன் இருந்தா என்ன? வெளக்கு ஏத்துவோம். தனியாக் கெடந்தவளுக்கு ஒரு வீடு ஆச்சுன்னு இருக்கட்டும்."

அவன் சொல்வது தப்பு என்று யார் சொல்ல முடியும்? பகலெல்லாம் அவன் தூங்குவான். அவள் அந்த ஜன்னலைத் துடைப்பாள், அந்த மூலையைக் கூட்டுவாள், பிள்ளை அங்கே உட்கார்ந்து விளையாடும். மாடத்தி சுவரில் படமாகத் தொங்குவாள். எல்லாம் நடக்கக்கூடியதுதான். சாயங்காலம் தெற்கே போகிற வண்டி கூவும்போது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

"அவ தூக்கத்துல போகலங்க" என்றாள்.

அன்றைக்கு வண்டியில் சொன்னது பொய் என்று சொன்னாள். அப்புறம் பார்த்ததை எல்லாம் சொன்னாள். மாம்பழக் கலர் சுடிதார், வாரின தலை, மடியில் பை, பையைப் பிடித்த கை. லூர்தம்மாள் சொன்னதையும், அந்தப் படியில் வந்து உட்கார்ந்ததையும், அண்ணன் வருது என்று சொன்னதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். மாரிசெல்வம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் அவகூட அந்த வீட்ல இருந்தவ. அவளுக்கு அந்த வீட்டக் கண்டா ஆகாது. ஒருநாள்கூட நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல. போறதுக்குக் கிளம்பி உக்காந்திருக்கவள, இங்கயே இரு, நாங்களும் வந்துட்டோம்னு சொல்லவா நாம வீடு வாங்கப் போறோம்?"

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. எதிர்ப் போர்ஷனில் யாரோ தடுப்புப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கி ஒடம்ப மட்டுந்தான் கொண்டு போனேன் போல" என்றான் மாரிசெல்வம்.

எழுந்து போய், சூப்பர்வைசருக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு சொன்னான். ஊர்ல ஒரு காரியம் என்றான். என்ன காரியம் என்று அந்தப்பக்கம் கேட்டிருக்க வேண்டும். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகணும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி மறைமலை நகர் போனார்கள். கோபிநாத் சாவியோடு கேட்டில் நின்றான். சட்டைப்பையில் அட்வான்ஸ் ரசீது எழுதப் பேனாகூடச் செருகியிருந்தான். கடைசியாக ஒருதடவை பார்த்துக்கொள்கிறோம், நாங்கள் மட்டும் போய்வருகிறோம் என்று சொல்லி மாரிசெல்வம் சாவியை வாங்கிக்கொண்டான். லூர்தம்மாள் தன் வாசலில் நின்று பார்த்தார். கவியாவைத் தன்னிடம் விட்டுப் போகச் சொல்லிக் கையை நீட்டினார்.

பின்பக்கத்து ரூமில் காலை வெயில் இல்லை. டைல்ஸில் ஜன்னல் கம்பியின் நிழல்கூட விழாமல் மங்கலாக இருந்தது. எங்கே என்று அவன் கேட்டான். முத்துச்செல்வி மூலையைக் காட்டினாள். எந்தப் பக்கம் பார்த்து என்றான். வாசலைப் பார்த்து என்றாள்.

அவன் போய் அதற்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். அழவில்லை. வேலையிலிருந்து தாமதமாக வந்தவன் வீட்டில் காத்திருந்தவளிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"மாடத்தி, அண்ணன் வந்துட்டேன் தாயி. நேரமாயிப்போச்சு. வா, போவோம்."

கையை நீட்டினான். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறவன் மாதிரி அந்தக் கை போய் வந்தது. எழுந்தான். முத்துச்செல்வி முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் வெளியே வந்தபிறகும் உடனே மூடவில்லை. காற்று ஒன்றும் இல்லை. சும்மா அப்படியே நின்றுவிட்டு, பிறகு மெதுவாகச் சாத்தினாள். அவன் சீக்காளியைக் கைத்தாங்கலாக இறக்குகிறவன் போல ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினான். கீழே லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, வழியைவிட்டு ஓரமாக ஒதுங்கினார். ஒரு ஆள் போகிற வழியை விட்டுத்தான் ஒதுங்கினார்.

சாவியைக் கொடுத்தபோது கோபிநாத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னா சார் கொற? சொல்லு, ஓனராண்ட பேசி சரி பண்ணிடலாம்."

"வீட்ல ஒரு கொறையும் இல்லண்ணே" என்றான் மாரிசெல்வம். "நல்ல வீடு. வேற யாராச்சும் நல்லா இருப்பாங்க."

செங்கல்பட்டில் மதுரைக்குப் போகிற பகல் பஸ் கிடைத்தது. மூன்று பேர் உட்காருகிற சீட்டைப் பிடித்தான். முத்துச்செல்வி பழக்கத்தில் ஜன்னல் ஓரமாகப் போகப் பார்த்தாள். அவன் அவள் கையைத் தொட்டான். அவள் நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. கண்டக்டர் வந்ததும் மூன்று ஃபுல் டிக்கெட் கேட்டான் மாரிசெல்வம், பிள்ளை மடியில் இருந்துகொள்ளும் என்றான். கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்தார், ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார், இன்னும் ஏறவேண்டியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ஏறியாச்சு என்றான் மாரிசெல்வம். அவர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாசக் கடைசியில் அவர்கள் வடக்குப்பட்டில், மேலே தகரக் கொட்டகை போட்ட இரண்டு ரூம் வீட்டுக்கு வாடகைக்குத்தான் போனார்கள். வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும் வீடு. அந்தப் பஸ்ஸில் போகும்போது அந்த வீடும் தெரியாது, எந்த வீடும் தெரியாது. வேனல் காற்று முகத்தில் அடிக்க, ரோட்டோரத்துப் புளியமரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. முத்துச்செல்விக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு பசித்தது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்துப் பிள்ளைக்கு ஊட்டி, தானும் தின்றாள்.

மேல்மருவத்தூரில் கூட்டம் ஏறியது. கைப்பிள்ளையோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் பலாப்பழம் தூக்கின பெரியவர் ஒருவர். பெரியவர் சீட்டுச் சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து இவர்கள் பக்கத்தில் நின்றார்.

"ஜன்னலோரம் சும்மாதானே கீது? கொஞ்சம் வழி வுடுப்பா."

"ஆளு இருக்கு" என்றான் மாரிசெல்வம்.

பெரியவர் குனிந்து பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். அப்புறம் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து போனார்.

கவியா தூக்கத்தில் சரிந்து ஜன்னல் பக்கம் காலை நீட்டியிருந்தாள். முத்துச்செல்வி அந்தக் காலை மெல்ல எடுத்துத் தன் மடிக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, புருசன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.